ஆயிரத்தோராவது தடவை

கோயமுத்தூருக்குத் தெற்கே, ரயில்வே கேட்டில் தொடங்கி மாரியம்மன் கோயில் வேப்பமரத்தில் முடிகிற ஒரே நீள வீதியில், ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து இருபதுக்கு மேகலா ஒரு பச்சைப் பொத்தானை அழுத்தினாள், அழுத்தும்போது சிரித்துக்கொண்டிருந்தாள், அந்தச் சிரிப்பு முப்பத்தோரு நாள் அவளை விடவில்லை. இதில் வாயைப் பிளக்க ஒன்றுமில்லை. அந்த வீதிக்காரர்களே வாயைப் பிளக்கவில்லை, நாம் எதற்குப் பிளக்க வேண்டும்?

மேகலாவுக்கு முப்பத்து மூன்று வயது. குழந்தைவேலு முதலாளியின் கம்பெனியில், ஆழ்துளைக் கிணற்று மோட்டாரைத் தானே ஓட்டித் தானே நிறுத்துகிற பெட்டிகளைச் செய்தார்கள்; செய்த பெட்டி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்த்துச் சொல்வது அவள் பொறுப்பு. பெட்டிக்குள் ஒரு சின்ன மூளை உண்டு. அது எங்காவது திகைத்து நின்றுவிட்டால், கொஞ்சம் பொறுத்துப் பார்த்து, அதை உலுக்கி எழுப்பி, முதலிலிருந்து வேலையைத் தொடங்க வைக்க அதன் பக்கத்திலேயே இன்னொன்று காவல் இருக்கும். அதற்குப் பெயர் வாட்ச்டாக்; கம்பெனிப் பெண்கள் செல்லமாக நாய் என்பார்கள். நாய் விழித்திருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் மூளையை வேண்டுமென்றே திகைக்க வைத்துப் பார்க்க வேண்டும், ஒரு தடவை அல்ல, முக்கால் மணிக்கொரு தடவையாகப் பகலும் இரவும் பார்க்க வேண்டும். அந்த டெஸ்டைத்தான் மேகலா அன்றைக்குத் தொடங்கி வைத்தாள். பெட்டியை வாங்கப்போகிறவர்கள் நானூற்று எண்பது தடவை போதும் என்று சொல்லியிருந்தார்கள், அதாவது சரியாகப் பதினைந்து நாள்.

அவள் சிரித்ததற்குக் காரணம் அவள் புருஷன். சென்னியப்பன் அதே வீதியில் நாலு கடை தள்ளி, எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதிதாகக் கம்பிக் காயில் கட்டிக் கொடுக்கிறவன். வேலையில் கெட்டி, பேச்சில் கஞ்சன். ஆனால் மோட்டாரோடு பேசுவான். அவன் அம்மா இறந்துபோன வருஷம் வீட்டில் பேச ஆளில்லாமல் ஆரம்பித்த பழக்கம் அது; செம்புக் கம்பியைச் சுற்றச் சுற்ற, அன்றைக்கு யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள், மனசுக்குள் என்ன உறுத்தியது என்று எல்லாவற்றையும் அந்த இரும்பிடம் சொல்லிவிட்டுத்தான் மூடியைப் போடுவான். கல்யாணமான ஏழாம் மாதம், மழை பெய்த ஒரு சாயங்காலம், வெட்கத்தோடு இதை மேகலாவிடம் மட்டும் சொன்னான். அவளும் ஒன்பது வருஷம் கட்டிக் காத்தாள். அந்த வெள்ளிக்கிழமை டீ வந்த வேளையில், ஒருத்தி தன் புருஷன் ஆட்டுக்குட்டியைக் கொஞ்சும் அழகைச் சொல்ல, இன்னொருத்தி தன் புருஷன் கண்ணாடி முன்னால் பாடுவதைச் சொல்ல, பேச்சு களைகட்டி, மேகலாவின் வாயும் சும்மா இருக்க மாட்டேன் என்றது.

"என்ற ஊட்டுக்காரரு மோட்டாருக்குக் கத சொல்லுவாரு, தெரியுமா? அஞ்சு எச்.பி.ன்னா பெரிய கத, அர எச்.பி.ன்னா சின்னக் கத!" என்று சொன்னதோடு விட்டாளா, அவன் குரலிலேயே பேசியும் காட்டினாள்.

ஆறு பெண்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், மேகலாவும் சிரித்தாள், சிரித்தபடியே பொத்தானை அழுத்தினாள், அழுத்திவிட்டு நிமிர்ந்தால் வாசலில் சென்னியப்பன் நிற்கிறான், அவள் வீட்டில் மறந்துவிட்டு வந்த டிபன் கேரியரைக் கையில் பிடித்துக்கொண்டு. கேரியரைத் தரையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

பதினொன்று ஐந்துக்குப் பெட்டி முதல் தடவையாகத் திகைத்து நின்றது, கூடவே வீதியும் நின்றது. கேட்டிலிருந்து வேப்பமரம்வரை இருந்த மனிதர், மாடு, கோழி, அத்தனை பேரும் நின்ற இடத்தில் நின்று கண்ணை மூடி, பதினோரு நொடி கழித்துக் கண்ணைத் திறந்தார்கள். போய்க்கொண்டிருந்த மொபெட்டுகள்கூட நல்லபிள்ளையாக ஓரம்கட்டி நின்று பிறகு கிளம்பின. கண்ணைத் திறந்தவர்கள் எல்லாரும் பத்து இருபதுக்கு எப்படி இருந்தார்களோ அப்படி இருந்தார்கள். கடிகாரம் பின்னால் போகவில்லை, வெயில் பின்னால் போகவில்லை, நினைவும் பின்னால் போகவில்லை. உடம்பும் அதிலிருந்த மனநிலையும் மட்டும் திரும்பிப் போயின. உயிருள்ளதெல்லாம் திரும்பியது, உயிரில்லாதது தன்பாட்டுக்கு முன்னால் போனது. பிறகு பதினொன்று ஐம்பதுக்கு ஒரு தடவை, பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு ஒரு தடவை, இப்படியே.

இரண்டாம் நாளே வீதி இதற்குப் பழகிவிட்டது. குழாயில் தண்ணீர் வாரத்துக்கு ஒரு முறைதான் வரும் என்று சொன்னபோது பழகிக்கொண்டவர்கள், இதற்கா பழகமாட்டார்கள்? கோயில் பூசாரி ஒவ்வொரு தடவைக்கும் இரண்டு நிமிஷம் முன்னால் மணியடிக்க ஆரம்பித்தார். மணி கேட்டதும் பெண்கள் அடுப்பைத் தணித்தார்கள், லேத்துப் பட்டறைக்காரர்கள் மெஷினை நிறுத்தினார்கள், சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள் மட்டும் அவசர அவசரமாகப் பாக்கியிருந்ததைத் திட்டி முடித்தார்கள், ஏனென்றால் கண்ணைத் திறந்தால் கோபம் இருக்காது. யாருக்கும் அலுப்புத் தட்டவில்லை. தூக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை, ஆனாலும் பாயை விரித்துப் படுத்தார்கள், படுக்காவிட்டால் மறுநாளை எப்படி மறுநாள் என்று சொல்வது?

நல்ல நேரத்தில் பொத்தானை அழுத்தினாய் என்று மேகலாவை எல்லாரும் மெச்சினார்கள். காலை பத்து இருபது என்பது சாப்பாடு இறங்கி, வேலை சூடுபிடித்து, வெயில் இன்னும் உறைக்காத வேளை. ஒரு மனிதன் ஒரு நாளில் எவ்வளவு நன்றாக இருக்க முடியுமோ அவ்வளவு நன்றாக அப்போதுதான் இருப்பான். ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் அங்குராஜுக்கு மத்தியானம் பன்னிரண்டுக்குத் தொடங்கும் முழங்கால் வலி தொடங்கவே இல்லை. அவர் காரணமே இல்லாமல் வீதியில் மேலும் கீழும் நடந்தார், மாடிப்படி இருக்கிற வீடாகப் பார்த்துப் போய் நலம் விசாரித்தார்.

கஷ்டப்பட்டவர்களும் உண்டு. மெஸ் நடத்தும் தெய்வானை ஆட்டி வைத்த இட்லிமாவு புளிக்கவே இல்லை, உறை ஊற்றிய பால் தயிராகவில்லை. புளிப்பதும் உறைவதும் உயிருள்ளவை செய்கிற வேலை, அவையும் திரும்பிப் போயின. அவள் தினமும் மாவுச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போய், அந்தப் பக்கம் ஒரு சொந்தக்காரி வீட்டில் புளிக்க வைத்து, விடிந்ததும் தூக்கி வந்து, அடுத்த மணிக்குள் ஊற்றி எடுக்க வேண்டியிருந்தது. ஒரு வாரத்தில் வீதியின் சட்டிகள் அத்தனையும் அவளோடு போக ஆரம்பித்து, கடைசியில் அதற்கென்றே ஒரு தள்ளுவண்டி ஏற்பட்டது. எலக்ட்ரீசியன் ஆரோக்கியம் பாடு இன்னும் மோசம். பத்து இருபதுக்கு அவர் சலூன் நாற்காலியில் ஒரு கன்னம் மழித்து ஒரு கன்னம் மழிக்காமல் உட்கார்ந்திருந்தார். மறு கன்னத்தை எத்தனை முறை மழித்தாலும் முக்கால் மணியில் அத்தனை முடியும் வீடு திரும்பிவிட்டது.

ஆனால் மேகலா பட்டதை யாரும் அறியவில்லை. ஒவ்வொரு தடவை கண்ணைத் திறக்கும்போதும் அவள் வாயில் அந்தச் சிரிப்பு இருந்தது, அடக்க அடக்கப் பொங்கிக்கொண்டு; நாலு கடை தள்ளி ஒவ்வொரு தடவையும் சென்னியப்பன் முகம் தொங்கிப்போனது, இப்போதுதான் அந்த வாசலில் நின்று கேட்டவனைப் போல. நாளுக்கு முப்பத்திரண்டு தடவை அவள் சிரித்தாள், முப்பத்திரண்டு தடவை அவன் நொந்தான். அவள் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்பாள். சிரிப்பு அடங்க ஐந்து நிமிஷம், கெஞ்ச கால்மணி நேரம், அவன் முகம் தெளியப் பத்து நிமிஷம், அப்புறம் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு டீ குடிப்பதற்குள் பூசாரி மணியடித்துவிடுவார்.

"நீ வேணும்னு பண்ணலன்னு எனக்குத் தெரியுது மேகலா," என்றான் சென்னியப்பன் ஒரு நாள். "நான் மன்னிச்சுட்டேன்னும் தெரியுது. நேத்தே முப்பது தடவ மன்னிச்சேன். ஆனா கண்ணு முழிச்சாப் போதும், நெஞ்சுல மறுக்கா அதே எடத்துல அதே முள்ளு. ஒடம்பு கேக்க மாட்டீங்குது."

"நான் என்னங்க பண்ணட்டும்?"

"நீ என்ன பண்ணுவே, சிரிப்பே."

அவன் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவளுக்கு வலித்தது. பயமும் வந்தது. முதல் நாள் அழுதுகொண்டு மன்னிப்புக் கேட்டாள். ஆறாம் நாள் எந்த வார்த்தையில் அவன் சீக்கிரம் இளகுவான் என்று அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது, கொத்தமல்லியைக் கிள்ளுவதுபோல யோசிக்காமல் எடுத்துப் போட்டாள். இன்னும் கொஞ்ச நாள் போனால் என் மன்னிப்பு வெறும் வாய்ப்பாடு ஆகிவிடும், அவர் மன்னிப்பதும் அப்படியே ஆகிவிடும், பிறகு எங்களுக்குள் என்ன மிச்சம் இருக்கும் என்று அவள் மருகினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பஸ் ஏறி கோபியில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குப் போனார்கள். கேட்டைத் தாண்டியதும் எல்லாம் சரியாகிவிட்டது. நாள் முழுக்க அவன் சிரித்துப் பேசினான், வாய்க்காலில் கால் நனைத்தான். திரும்பி வந்து கேட்டுக்குள் நுழைந்த முக்கால் மணிக்குள் அவள் சிரித்தாள், அவன் நொந்தான்.

பதினைந்து நாள்தானே, நானூற்று எண்பது தடவைதானே என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். எண்ணைத் தானே பதிந்துவிட்டதாக முதலாளி சொல்லியிருந்தார். பதினைந்தாம் நாள் சனிக்கிழமை பத்து இருபதுக்கு, பெட்டியின் சின்னத் திரையில் 480 என்று விழுந்ததைப் பார்த்து, மாரியம்மனுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டாள். பதினொன்று ஐந்துக்கு மணியடித்தது. கண்ணைத் திறந்து சிரித்தபடியே திரையைப் பார்த்தாள். 481.

சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே டெஸ்ட் எழுதியிருந்த கோப்பைத் திறந்தாள். அதில் முதல் வரி எத்தனை தடவை என்ற எண்ணுக்காக அவளே விட்டு வைத்த வரி. பெட்டி ஒவ்வொரு தடவை எழும்போதும் அந்த வரியைப் படிக்கும், எண் இருந்தால் அதோடு நிறுத்தும், எண் இல்லாவிட்டால் வரம்பே இல்லை என்று எடுத்துக்கொண்டு ஓடும். அந்த முதல் வரியில், நட்ட நடுவில், ஒரு பிள்ளையார் சுழி இருந்தது. 480 அதற்கு அடுத்த வரியில் இருந்தது.

குழந்தைவேலு முதலாளி அப்படித்தான். அவர் கம்பெனியில் லீவு லெட்டரானாலும் சரி, பஞ்சர் ஒட்டிய ரசீதானாலும் சரி, தலையில் சுழி இல்லாமல் ஒரு காகிதம் நகராது. கம்ப்யூட்டர் வந்த பிறகு அதற்கும் அதே சட்டம்தான். வெள்ளிக்கிழமை பூஜை முடித்துவிட்டு வந்து, ஒற்றை விரலால் தட்டித் தடவிச் சுழியைப் போட்டு, அதற்குக் கீழே எண்ணையும் போட்டுவிட்டு, பெரிய காரியம் செய்த திருப்தியோடு போயிருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் மனிதர் வெலவெலத்துப் போய்விட்டார்.

"பேசாம பிளக்கப் புடுங்கிப் போடலாமா, அம்மிணி?"

"புடுங்குனா அது ஒரேயடியாத் தூங்கிரும், அப்பறம் நம்மள ஆருங்க எழுப்புவா? நாயி எழுப்பித்தான நாம கண்ணு முழிக்கறோம்."

"சாமி! வேண்டாம், வேண்டாம். அப்ப கேட்டுக்கு அந்தப் பக்கம் தூக்கிட்டுப் போயிட்டா?"

"வீதியும் பொறத்தாலயே வந்துட்டா என்னங்க பண்றது?"

அவர் வேப்பமரத்தைப் பார்த்துக் கைகூப்பினார். "சுழிய அழிக்காத தாயி. உன்னக் கும்புட்டுக் கேக்கறேன்."

அழிக்க மேகலாவுக்கும் மனசு வரவில்லை. எழுதிய டெஸ்டைக் கொஞ்சம் திருத்தினாள்: முதல் வரியில் பிள்ளையார் சுழி இருந்தால் அதற்கு மரியாதை செய்துவிட்டுத் தாண்டிப் போ, அடுத்த வரியில் எண்ணைத் தேடு, அந்த எண்ணைத் தொட்டதும் எழுந்து நில், மறுபடி திகைக்காதே. நாலே வரி. இனி யார் எந்த எண்ணைப் போட்டாலும் அதோடு நிற்கும். 482 என்று போட அவள் விரல் துடித்தது. அதற்குள் சேதி டீக்கடைவரை போய்விட்டது, வீதியே வாசலில் திரண்டு விட்டது, இது ஊர்க் காரியம், நாளைக்குக் கோயிலில் உட்கார்ந்து பேசித்தான் எண் போட வேண்டும் என்று முதலாளியும் கையை விரித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வேப்பமரத்தடியில் கூட்டம். வாய்க்கு வந்த எண்ணையெல்லாம் சொன்னார்கள். அங்குராஜ் முதல் ஆளாக எழுந்தார்.

"ஒரு லட்சம்னு போடம்மிணி. எனக்கு எழுவத்திரெண்டு ஆச்சு. மத்தியானமானா முழங்கால்ல ஊசி குத்தறாப்பல வருமே, இந்தப் பதினாறு நாளா எட்டிக்கூடப் பாக்கல!"

"உங்க முழங்காலுக்காவ நான் மாவு வண்டியத் தள்ளிக்கிட்டே திரியோணுமா?" என்றாள் தெய்வானை. "ஒரு பொங்குன இட்லியப் பாத்து எத்தன நாளாச்சு!"

"இன்னிக்கே நிறுத்துங்க," என்றார் ஆரோக்கியம். "என்ற சம்சாரம் மழிச்ச பக்கமா ஒக்காந்தாத்தான் மொகத்தப் பாத்துப் பேசறா."

எல்லாரும் சிரித்தார்கள். ஆனாலும் பாதிக்கு மேல் லட்சத்தின் பக்கம்தான் இருந்தார்கள், குற்றம் சொல்லவும் முடியாது, நன்றாக இருப்பதை யார் விடுவார்? மேகலா எழுந்து, "இப்பவே நிறுத்திக்கலாம்ங்க," என்றாள்.

"உனக்கென்ன அம்மிணி அவசரம்?" என்றார் அங்குராஜ், உண்மையிலேயே விளங்காமல். "மணியடிக்கறப்பல்லாம் பாக்கறனே, நீதான் எப்பவும் சிரிச்சுட்டே எந்திரிக்கறே. இந்த வீதிலயே உன்னயாட்டம் சந்தோசமா ஆரு இருக்கறா?"

ஆமாம் ஆமாம் என்று நாலு பக்கமும் தலையாட்டினார்கள். அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் பூசாரி மணியடித்துவிட்டார். பத்து இருபது. ஐந்நூற்றுப் பன்னிரண்டாவது தடவை. வேப்பமரத்தடியில் வீதி முழுதும் கண்ணை மூடியது, பதினோரு நொடி கழித்துத் திறந்தது, திறந்ததும் அத்தனை பேர் நடுவிலும் மேகலா விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்த சென்னியப்பன் முகம் தொங்கி, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். முதல் முறையாக எல்லாரும் ஒரே நேரத்தில் இரண்டு பேரையும் பார்த்தார்கள்.

"இது சந்தோசம் இல்லீங்க," என்றாள் அவள், சிரிப்புக்கு நடுவே ஒவ்வொரு வார்த்தையாகப் பிடித்து இழுத்து. "அன்னிக்கு நான் அவரப் பத்தி ஒரு வார்த்த சொல்லிச் சிரிச்சேன். சொல்லக்கூடாத வார்த்த. அவரு வாசல்ல நின்னு கேட்டுட்டாரு. அந்தச் சிரிப்பத்தானுங்க இன்னிவரைக்கும் சிரிச்சிட்டிருக்கறேன். அவரும் இன்னிவரைக்கும் அதையேதான் கேட்டுட்டிருக்கறாரு."

என்ன வார்த்தை என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அங்குராஜ் தன் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"எனக்குத் தெரியாமப் போச்சே, தாயி," என்றார். "வலி வந்தா வந்துட்டுப் போகுது, எனக்கொண்ணும் அது புதுசில்ல. நிறுத்திரு." பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி, "நாளைக்கு மாரியம்மனுக்குப் பூச்சாட்டு. பதினஞ்சு நாள்ல நோம்பி முடிஞ்சுரும். கோயில் கம்பத்தச் சுத்தி ஆடி எனக்கு இருவது வருசமாச்சு. அதுவரைக்கும் காலு இருந்துதுன்னா... இல்ல, வேண்டாம், உட்டுரு."

மேகலா மனசுக்குள் கணக்குப் போட்டாள். இன்னும் பதினைந்து நாள் என்றால் இன்னும் நானூற்றுச் சொச்சம் தடவை. கடைசி வரிசையிலிருந்து சென்னியப்பன் பேசினான், நெஞ்சில் முள் இருக்கும்போதே பேசினான்.

"பெரியவரு ஆடட்டும்ங்க. நாங்க பாத்துக்கறோம்."

நோம்பித் திருவிழாவின் மஞ்சள் நீராட்டு முடிகிற திங்கட்கிழமை சாயங்காலத்துக்குக் கணக்குப் பார்த்தால் ஆயிரம் தடவை வந்தது. மொய் எழுதினால்கூட மொட்டையாக முடிப்பதில்லை, ஒன்று சேர்த்துத்தான் எழுதுவோம், இதை மட்டும் மொட்டையாக விடலாமா என்று பூசாரி சொன்னார், சரிதானே என்று ஊர் சொன்னது. அன்றைக்கே மேகலா சுழிக்கு அடுத்த வரியில் 1001 என்று போட்டாள்.

அந்தப் பதினைந்து நாள் போல இன்னொரு நோம்பி அந்த வீதி கண்டதில்லை. அடிக்கிறவன் கை ஓயாத தப்பும், ஆடுகிறவன் கால் ஓயாத ஆட்டமும், வாடாத வேப்பிலையும், மொட்டாகவே இருந்த மல்லிகையுமாக வீதி கிறுகிறுத்துப் போனது. அங்குராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கம்பத்தைச் சுற்றி ஆடினார், இளவட்டங்கள் தள்ளி நின்று பார்க்க ஆடினார், மணியடித்தால் ஒற்றைக்காலைத் தூக்கியபடி பதினோரு நொடி கண்ணை மூடி நின்றுவிட்டு அந்தக் காலை அடுத்த அடிக்குச் சரியாக வைத்தார். இதற்கிடையில், யாரும் யாரிடமும் சொல்லி வைக்காமல், வீதியில் இன்னொரு வழக்கமும் உண்டாயிற்று. மணி அடிக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் சென்னியப்பன் கடை வாசலில் வந்து நிற்பார், அவன் கண்ணைத் திறந்ததும் உருப்படியில்லாத எதையாவது பேசுவார், டார்ச் லைட்டுக்கு என்ன பேட்டரி நல்லது, கேட்டுக்கு அந்தப் பக்கம் மழையாமே, இப்படி. அவன் முகம் கொஞ்சம் சீக்கிரமாகத் தெளியும். ஒரு வீட்டில் பால் பொங்கினால் மறுவீட்டில் கேட்கிற அந்த வீதியில், விஷயம் தெரிந்த ஆறு பெண்களும் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மேகலா பெட்டியை அதன்பாட்டில் விட்டுவிட்டு, உடம்பெல்லாம் மஞ்சள் தண்ணீரோடு புருஷன் கடைக்குப் போனாள். அவனும் மஞ்சளாகத்தான் இருந்தான், மேஜைமேல் பாதி கட்டிய மோட்டார் இருந்தது. இதுதான் கடைசி. இந்தத் தடவை வருகிற வலியை எடுத்துப்போக அடுத்த தடவை என்று ஒன்று வராது. தீர்ந்தால் தீர்ந்தது, தீராவிட்டால் அது இந்த வீட்டிலேயே குடியிருக்கும். ஆயிரம் மன்னிப்பில் மிக நல்லதாக ஒன்றை அவள் தேர்ந்து வைத்திருந்தாள், வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். மணியடித்தது. இருவரும் கண்ணை மூடினார்கள்.

திறந்ததும் அவள் சிரித்தாள், அவன் முகம் தொங்கியது. சிரிப்பு அடங்கியதும் அவள் வாயெடுத்தாள். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"ஒண்ணும் சொல்லாத, மேகலா."

"ஏனுங்க?"

"ஆயிரந்தடவ மன்னிச்சேன். ஒண்ணுகூட நிக்கல. அதனால சுலபமாப் போச்சு." கம்பியின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னான். "இது நிக்கும். அதான் பயமா இருக்குது. இத நான் அவசரப்படுத்த மாட்டேன்."

அவள் தேர்ந்து வைத்திருந்த வார்த்தைகளை விழுங்கிவிட்டு எதிரில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். ஒரு மாதத்தில் முதல் தடவையாக அவன் எதிரில் சும்மா உட்கார்ந்தாள். அவன் கம்பி சுற்றினான், அவளைப் பார்க்கவில்லை. ஐந்தே முக்கால் ஆனது. வீதியில் பேச்சுக் குறைந்தது. பூசாரி மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இழுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நிற்பது கடையிலிருந்தே தெரிந்தது. ஐந்து ஐம்பது வந்தது, கண்கள் திறந்தே இருந்தன, ஐந்து ஐம்பத்தொன்று ஆனது. எங்கேயோ ஒரு குழந்தை தூக்கத்துக்குச் சிணுங்கியது. வீதியின் முப்பத்தோரு நாள் அலுப்பும் ஒன்றாக வந்து தோளில் கைவைத்ததுபோல ஆட்கள் அங்கங்கே உட்கார்ந்தார்கள், கொட்டாவி விட்டார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

சென்னியப்பன் முகம் தெளியவில்லை. ஆனால் மேகலா அதையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவளுக்குத் தெரிந்தது: ஆறு மணிக்கு இருந்த முகம் ஆறேகாலுக்கு இல்லை, ஆறேகாலுக்கு இருந்தது ஆறரைக்கு இல்லை. யாரும் கெஞ்சாமல், யாரும் உலுக்காமல், அந்த வலி தன் காலால் மெதுவாக நடந்துகொண்டிருந்தது. அவளுக்கு அழுகை வந்தது, நல்லபடியாக வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஏழு மணிக்கு அவன் விளக்கை அணைத்துக் கடையைப் பூட்டினான்.

"பசிக்குது. உனக்கு?"

"நெம்பப் பசிக்குதுங்க." சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, பயந்து பயந்து கேட்டாள். "கோவம் போயிருச்சுங்களா?"

சென்னியப்பன் நின்று, உள்ளே ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறவனைப் போல யோசித்தான்.

"இல்ல. பாதிதான் போயிருக்குது," என்றான். "மீதி நாளைக்கு."

சரிங்க என்று சொல்லிவிட்டு மேகலா அவனோடு நடந்தாள்.